அளவு ஜாக்கெட்டில் கிடந்த கேப்பை

ஸ்டெல்லா அனுப்பிய மஞ்சப்பையைக் கவிழ்த்து உதறினேன். மடித்த துணியும் அளவு ஜாக்கெட்டும் மேசைமேல் விழுந்தன. கூடவே நாலைந்து கேப்பை மணிகள் உருண்டு வந்து, வெட்டுவதற்காக நான் விரித்து வைத்திருந்த பச்சைத் துணியின்மேல் நின்றன.

“மாவு மில்லுக்குப் போய்ட்டு வந்த பையிலயே போட்டு அனுப்பியிருக்கா பாரு” என்று பரிமளாவிடம் காட்டினேன்.

பரிமளா என் கடையில் ஹூக் வைக்கிறவள், ஹெம்மிங் பண்ணுகிறவள். வாயில் எந்நேரமும் ஊசியைக் கடித்துக்கொண்டிருப்பதால் பதில் பேச மாட்டாள், புருவத்தைத்தான் தூக்குவாள். அன்றைக்கும் தூக்கினாள்.

சித்திரை வெயில். கடைக்கு மேலே தகரக் கூரை. ஃபேனைப் போட்டால் துணி பறக்கும், நிறுத்தினால் வேர்வை துணியில் சொட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் கூடப் படித்த எங்கள் செட் மொத்தமும் கூடுகிறது. அவர்களுக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டில் எனக்குப் பாதிகூட முடியவில்லை. காலையிலிருந்து யாரிடமும் நேராகப் பேசவில்லை. ‘ரெடியா?’ என்று கேட்டு வந்த ஒரு அம்மாவிடம் வள்ளென்று விழுந்து அனுப்பியிருந்தேன்.

அந்த லட்சணத்தில்தான் ஜாக்கெட்டை விரித்து டேப்பை வைத்தேன். வலது கைக்கு ஒரு சுற்றளவு, இடது கைக்கு வேறு சுற்றளவு. சின்ன வித்தியாசம் என்றால் விட்டிருப்பேன். இடது கை தொளதொளவென்று தொங்கியது.

“எவன்டி இத தச்சவன்? ஒரு கைய அக்காளுக்கும் ஒரு கைய தங்கச்சிக்கும் தச்சி வச்சிருக்கான்.”

பரிமளா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஸ்டெல்லாவுக்கு உடனே போன் போட்டு, எவனிடம் கொடுத்துக் கெடுத்தாய் என்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று செல்லை எடுத்தேன். எடுத்த கையோடு வசந்தாவின் அழைப்பு வந்துவிட்டது. அது வராமல் இருந்திருந்தால் அந்த நாலு வார்த்தையையும் நான் ஸ்டெல்லாவிடம் கேட்டே இருப்பேன்.

பச்சை வந்த கதை

இந்தப் பத்திரிகையில் என் தொடரை இந்த வாரம்தான் முதலில் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். பெயர் குணசுந்தரி, கூடப் படித்தவர்களுக்குக் குணா. படித்தது திண்டிவனத்தில், ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில்.

வசந்தா அப்போது எங்கள் கிளாஸ் லீடர். இப்போது வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின். நடுவில் பல வருஷம் அவளுக்கு மேய்க்க ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அத்தனையையும் சேர்த்து வைத்து எங்களை மேய்த்தாள். எங்கெங்கோ வாழ்க்கைப்பட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்துக் குரூப்பில் போட்டாள். போட்ட அன்றே அறிவித்தாள்: எல்லோரும் ஒரே நிறத்தில் புடவை கட்ட வேண்டும்.

நிறத்தை முடிவு செய்ய நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! பள்ளிக்கூட யூனிபார்ம் நிறத்திலேயே எடுக்கலாம் என்றாள் ஒருத்தி. வெள்ளைத் தாவணியைக் கட்டி மாரடித்தது போதாதா என்றாள் இன்னொருத்தி. மாம்பழ மஞ்சள் எனக்குப் பொருந்தாது, கத்திரிப்பூ நிறம் என் மருமகளிடம் இருக்கிறது, அவள் கட்டுகிற நிறத்தை நான் கட்ட மாட்டேன்... இப்படியே போய்க் கடைசியில் அரக்கு பார்டர் போட்ட ராமர் பச்சையில் வந்து நின்றது. ஆரணியில் சொல்லி மொத்தமாக எடுத்தோம்.

எடுத்து முடித்த மறுநாள் வசந்தாவின் குரல் பதிவு வந்தது.

“எல்லாரும் கேளுங்கடி. ஆளுக்கு ஒரு டெய்லர்கிட்ட குடுத்தீங்கன்னா ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஜாக்கெட் மொத்தமும் குணாவே தைக்கட்டும். துணியையும் அளவு ஜாக்கெட்டையும் அவளுக்கு அனுப்பிடுங்க. குணா, நீ இன்னா சொல்ற? சரி, அவ ஒத்துக்கினா.”

நான் வாயே திறக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டீச்சரும் பேங்க் ஆபீசரும் இருக்கிற குரூப்பில் என் பெயரை முதல்முறையாக எல்லோரும் படித்தார்கள் அல்லவா?

பஸ்ஸில் வந்த தோழிகள்

எங்கள் பக்கத்தில் கூரியரைவிடப் பஸ் கண்டக்டர் வேகம். பையை அவரிடம் கொடுத்துவிட்டு, பஸ் நம்பரைப் போனில் சொல்லிவிட்டால் போதும். பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் நான் கடையை விட்டு இறங்கினால், அது வருகிற நேரத்துக்கு ஸ்டாண்டில் நிற்கலாம். அந்த மாதம் முழுக்க நான் செருப்பு தேய நடந்தேன்.

ஒவ்வொரு பையிலும் ஒரு மடித்த பச்சைத் துணி, ஒரு பழைய ஜாக்கெட். பார்த்துப் பல வருஷமான தோழிகளை நான் முகத்தில் பார்ப்பதற்கு முன்னால் ஜாக்கெட்டில் பார்த்தேன். ஒல்லிக்குச்சியாக இருந்தவள் இப்போது எப்படி இருக்கிறாள், யார் முதுகு லேசாகக் கூனியிருக்கிறது, யார் கடையில் வாங்கிப் போடுகிறாள், யார் பிய்ந்ததைத் தானே தைத்துப் போடுகிறாள் என்பதெல்லாம் துணியை விரித்தாலே தெரிந்துவிடும்.

அளவு ஜாக்கெட் பொய்யும் சொல்லும். மேல்மருவத்தூர்ப் பக்கம் இருக்கிற ஒருத்தி, தன் கல்யாணம் ஆன புதிதில் தைத்த ஜாக்கெட்டை அனுப்பி, “இதாண்டி எனக்கு கரெக்ட்டு” என்றாள். குரூப்பில் அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சத்தம் போடாமல் உள்ளே நிறையத் துணி விட்டுத் தைத்தேன். அவளும் போட்டுப் பார்த்துவிட்டு, ‘பாத்தியா, சொன்னேன்ல’ என்று செய்தி அனுப்பினாள்.

எல்லாம் வந்தது. ஸ்டெல்லாவுடையது மட்டும் கடைசி வாரம் வரை வரவில்லை.

கண்டாச்சிபுரத்தில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறாள் ஸ்டெல்லா. பள்ளிக்கூடத்தில் எனக்கு அவள்தான் எல்லாம். கல்யாணமாகி ஆளுக்கொரு பக்கம் போன பிறகு பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் போனில் பேசிக்கொள்வதோடு சரி. குரூப்பில் அவள் எழுதிய ஒரே வார்த்தை, ‘பாக்கலாம்’. ஞாயிறு கிட்டத்தில் வர வர எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த ஒன்றுகூடலுக்கு நான் போவதே அவளைப் பார்க்கத்தான். அவள் வராமல், வசந்தாவின் முகத்தைப் பார்க்கவா நான் அவ்வளவு தூரம் போக வேண்டும்?

வளையம் எறிந்த கை

ஸ்டெல்லா இடதுகைக்காரி. எங்கள் பள்ளிக்கூடத்தில் ரிங் என்று சொல்வோமே, ரப்பர் வளையத்தை வலைக்கு அந்தப் பக்கம் எறிந்து பிடிக்கிற ஆட்டம், அதில் அவளை அடிக்க ஆள் இல்லை. வளையம் எந்தப் பக்கம் வரும் என்று எதிரே நிற்கிறவளுக்குத் தெரியவே தெரியாது. அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் நடவுக்கும் கூலிக்குப் போகிறவர்கள். அவளிடம் இருந்ததே ஒரு செட் யூனிபார்ம். ஆடும்போது கிழிந்துவிடுமோ என்று பயப்படாமல் எம்பிக் குதித்தவள் அவள் ஒருத்திதான்.

ஒருநாள் கிழிந்தேவிட்டது. வெளியூர்ப் பள்ளிக்கூடத்தோடு ஆட்டம். பாதி ஆட்டத்தில் இடது அக்குளில் தையல் விட்டுப்போய்ப் பிளந்துகொண்டது. மாற்றுத் துணி ஏது? வேப்பமரத்துக்குப் பின்னால் அவளை நிறுத்தி, யாரிடமோ ஊசி வாங்கி, அவள் உடம்பில் இருக்கும்போதே நான் தைத்தேன்.

வசந்தா ஓடி வந்து கத்தினாள். “போட்டுக்கினு இருக்கறப்ப தைக்கக் கூடாதுடி! தரித்திரம் புடிக்கும்!”

“நீ போடி அந்தாண்ட” என்றாள் ஸ்டெல்லா. கையைத் தூக்கியபடியே நின்றாள். நூலை நான் பல்லால் கடித்து அறுத்ததும் ஓடிப்போய் ஜெயித்துவிட்டு வந்தாள்.

என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் ஒழுங்கான தையல் அதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் பிரியவில்லை.

உள்பக்கம்

வசந்தாவின் அழைப்பில் விட்டேன் அல்லவா? மண்டபத்து வாசலில் எந்தப் பக்கம் கோலம் போடுவது என்று என்னிடம் யோசனை கேட்டாள். விழுப்புரத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் திண்டிவனத்து வாசலைப் பற்றி என்ன தெரியும்? அவள் பேசிக்கொண்டே போனாள். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே, கை சும்மா இருக்காமல் அந்த ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பினேன்.

இடது மார்பு வருகிற இடத்தில், உள்ளே ஒரு பை. பழைய வேட்டித் துணியைக் கிழித்து, கையாலேயே தைத்த சின்னப் பை. வாய் திறந்திருந்தது. விரலை விட்டேன். மூலையில் இன்னும் நாலு கேப்பை மணி.

வசந்தா அந்தப் பக்கம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கை வீங்கிப்போவதையும் பார்த்திருக்கிறேன். போனை வைத்துவிட்டு, மேசைமேல் கிடந்த கேப்பையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அந்தப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டேன். எதற்காகப் போட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வரை பொறுத்தேன். பிறகு போன் பண்ணினேன்.

“வந்துச்சாடி பை?” என்றாள் ஸ்டெல்லா.

“வந்துச்சு.”

அவளே சிரித்தாள். “சத்தத்தையே காணோம். உள்ள திருப்பிப் பாத்துட்டியா?”

“ம்.”

“தெரியும். வேற ஜாக்கெட்டு அனுப்பலாம்னுதான் இத்தினி நாளு தேடிக்கினு இருந்தேன். பழசு ஒண்ணும் கையில ஏறல.”

“எப்ப?”

“ஆச்சுடி, சில வருஷம். பாண்டிச்சேரிலதான் பண்ணாங்க. எடுத்துட்டாங்க. இப்ப ஒண்ணும் இல்ல, செக்கப்புக்குப் போய்க்கினு வர்றேன்.”

“என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?”

“யாருக்கும் சொல்லலடி. வீட்ல தெரியும், சர்ச்சு ஃபாதருக்குத் தெரியும். அவ்ளோதான்.”

எனக்குக் கோபம் வந்தது. அழுகையாக வந்திருக்க வேண்டியது, எனக்கு எதுவுமே முதலில் கோபமாகத்தான் வரும். அதை அவள் மேல் காட்டக் கூடாது என்று, “கேப்பை எதுக்குடி?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரில ரப்பர் மாதிரி ஒண்ணு காட்டுனாங்க. வெயில்ல வேர்த்துக் கொட்டுது. இது வெயிட்டாவும் இருக்குது, மெத்துன்னும் இருக்குது. அப்பப்ப மாத்திடணும், இல்லன்னா புழு வச்சிடும். மாத்துனத கோழிக்குப் போட்டுடுவேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். இதற்கெல்லாம் சிரிக்கலாமா என்று தெரியாமலேயே சிரித்தேன்.

“ஞாயித்துக்கெழம வர்ற இல்ல?”

“வரலடி.”

“அப்ப எதுக்கு ஜாக்கெட்டு அனுப்புன?”

“வசந்தா தெனமும் போன் பண்ணிப் பேஜார் பண்றா. நீ தச்சி வை. வேற எதுக்காவது கட்டிக்கிறேன்.”

“ஏன் வரல?”

“கட்டிப் புடிப்பாளுங்கடி” என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. அவள் சொன்னாள். சொந்தத்தில் ஒரு கல்யாணம். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்த அத்தை மகள் ஓடிவந்து இறுக்கிக் கட்டிப் பிடித்திருக்கிறாள். கேப்பைப் பை நழுவி மேலே தோள்பட்டைக்கு ஏறிக்கொண்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதன்மேல் ஒரு கையை வைத்து அழுத்தியபடியே பந்தியில் உட்கார்ந்திருக்கிறாள். பரிமாறுகிறவர்கள் வந்து வந்து கேட்டும், இலையில் கைவைக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

“அதுலேர்ந்து கல்யாணம் காட்சின்னாலே போறதில்ல. அங்க எல்லாரும் வருவாளுங்க. வசந்தா வேற, அவ புடிச்சா வுடுவாளா?”

“நகராம தச்சித் தர்றேன். வர்றியா?”

“நகராதா?”

“நகராது.”

“அப்பப் பாக்கலாம்” என்றாள்.

எப்படி நகராமல் தைப்பது என்று எனக்கு அப்போது எதுவும் தெரியாது. வாய் முந்திக்கொண்டுவிட்டது. ஒரு ஜாக்கெட் சரியாக வந்தால் அவள் வருவாள், வராவிட்டால் இனி எங்கேயுமே போக மாட்டாள் என்று மட்டும் எனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

திரைக்குப் பின்னால்

அடுத்த நாட்களில் நான் பட்ட அவஸ்தையைப் பரிமளாதான் சொல்ல வேண்டும். மற்றவர்களின் ஜாக்கெட்டுகளை அவளும் நானும் மாற்றி மாற்றி முடித்துக்கொண்டிருந்தோம். இடையில் கிடைத்த நேரமெல்லாம் அந்தப் பைதான். ஒரே பையாகத் தைத்தால் கேப்பை மொத்தமும் கீழே இறங்கிவிடுகிறது. தடுப்புத் தையல் போட்டால் விறைத்துக்கொண்டு நிற்கிறது. தைக்கிறேன், பிரிக்கிறேன், மறுபடி தைக்கிறேன். வீட்டுக்குப் போனாலும் சோற்றைப் பிசைந்துகொண்டு அதையேதான் யோசிக்கிறேன். கேப்பைக் கூழ் கேட்ட என் வீட்டுக்காரரிடம், “வீட்ல கேப்பை இல்லீங்க, கடைக்கு எடுத்துக்கினு போய்ட்டேன்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தைத்ததை எப்படிச் சோதிப்பது? நானே ஒரு பழைய ஜாக்கெட்டில் பையை வைத்துப் போட்டுக்கொண்டேன். ஒருத்தருக்காக என்று மட்டும் பரிமளாவிடம் சொல்லி, அளவு எடுக்கிற திரைக்குப் பின்னால் அவளை அழைத்தேன்.

“பரிமளா, என்னை நல்லா இறுக்கிக் கட்டிப் புடி.”

“இருங்கக்கா, வாயில ஊசி இருக்குது” என்று ஊசியை எடுத்துத் தன் தாலிக்கயிற்றில் குத்திக்கொண்டு வந்து கட்டிப் பிடித்தாள். பை நகர்ந்தது. மறுபடி பிரித்தேன். மறுபடி கட்டிப் பிடித்தாள். இப்படி நாங்கள் இருவரும் வேர்க்க விறுவிறுக்கக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, சுடிதார் பிடிக்கக் கொடுத்திருந்த ஒரு அம்மா திரையை விலக்கிவிட்டார்.

“நான் அப்புறமா வர்றேங்க” என்று போய்விட்டார். அவர் திரும்ப வந்து அந்தச் சுடிதாரை வாங்கவே இல்லை, மகளைத்தான் அனுப்பினார்.

கடைசியில் வழி கிடைத்தது. பையை நேராக வெட்டாமல் மூலைவாட்டில் கிராஸாக வெட்டினேன், அப்போது துணி உடம்போடு இழுபட்டுக் கொடுத்தது. தோளிலும் பக்கவாட்டிலும் அதைப் பிடித்து, அடியில் ஒரு பட்டி கொடுத்து முன்பக்கத்து ஹூக்கோடு சேர்த்தேன். பரிமளா மூச்சு முட்டப் பிடித்தாள். பை அசையவில்லை. “யாருக்கா அது, குடுத்து வச்சவங்க” என்றாள்.

ஆனால் அதற்குள் வேறு தலைவலி வந்துவிட்டது. இடது கை வீக்கம் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் இரண்டு கையையும் தொளதொளவென்று, முழங்கைக்குக் கீழே முக்கால் கையாக வைக்க வேண்டும். அதற்கு அவள் அனுப்பிய துணி போதவில்லை. அதே பச்சைக்கு விழுப்புரத்தில் ஏறாத ஜவுளிக்கடை இல்லை. கடைக்குள் பார்த்தால் அதே நிறமாக இருக்கிறது, வெளிச்சத்தில் வைத்தால் வேறாக இருக்கிறது. ஆரணிக்கு ஆள் அனுப்ப நாள் இல்லை.

வெட்டாமல் மடித்து வைத்திருந்த ஒரே பச்சைத் துணி என்னுடையதுதான். தையல்காரியின் ஜாக்கெட் எப்போதும் கடைசியில்தானே தைக்கப்படும்? எடுத்து விரித்தேன். யோசித்தால் மனசு மாறிவிடும் என்று உடனே கத்தரியை வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை

கடைக்கு வந்து போட்டுப் பார், சேர்ந்தே போகலாம் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லியிருந்தேன். அவள் வருவேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையிலேயே புடவை கட்டிக்கொண்டு கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். உட்கார முடியாமல் எழுந்தேன். கூட்டினேன். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன். செல்லில் வசந்தா விடாமல் கூவிக்கொண்டிருந்தாள்: “எங்கடி இருக்கீங்க? ஜல்தி வாங்க, டிபன் ஆறிப்போவுது!”

சந்து முனையில் ஒருத்தி வந்தாள். தலை முழுக்கச் சுருட்டை முடி. ஸ்டெல்லாவுக்குக் கோடு போட்டது போல நேரான முடியாயிற்றே என்று நான் வேறு பக்கம் பார்த்துவிட்டேன்.

“இன்னாடி, அடையாளம் தெரியலையா? மருந்து குடுத்தாங்க இல்ல, எல்லாம் கொட்டிட்டு திரும்ப மொளைக்கறப்ப சுருட்டையா வந்துடுச்சு. நல்லா இருக்குதா?”

“நல்லாத்தான் இருக்குது” என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது.

திரைக்குப் பின்னால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. கையை மெல்லத் தூக்கச் சொன்னேன். இடது கை பாதிக்கு மேல் எழவில்லை. அவ்வளவு தூக்கியதற்கே பக்கவாட்டில் பையின் ஓரம் லேசாக மேலே வந்தது. என் உடம்பில் நன்றாக இருந்தது, அவள் உடம்புக்கு இன்னும் கொஞ்சம் கீழே பிடித்திருக்க வேண்டும்.

“கழட்டு, ரெண்டு தையல் போட்டுக் குடுத்துடறேன்.”

“கைய வுட்டு வுட்டு எடுத்தா வலிக்குதுடி. இப்படியே தச்சிடு.”

“போட்டுக்கினு இருக்கறப்ப தைக்கக் கூடாதுன்னு வசந்தா சொல்லுவாளே.”

“தைடி” என்றாள். “இதுக்கு மேல எனக்கு இன்னா தரித்திரம் வந்துடப் போவுது?”

குனிந்து தைத்தேன். தழும்பின் நுனி அக்குள் வரைக்கும் வந்திருந்தது. அன்றைக்கு நான் கோணலாகத் தைத்த அதே இடம். எனக்குக் கண் மறைத்தது. ஊசி அவளைக் குத்திவிடக் கூடாது என்பதற்காகவே அழுகையை அடக்கினேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

“செக் பண்ணிப் பாரு” என்றாள்.

பிடித்தேன். அவளும் பிடித்தாள். “ஸ்கூல்ல நாம கட்டிப் புடிச்சிருக்கமாடி?” என்று என் தோளுக்குப் பின்னால் கேட்டாள்.

“இல்லடி. தோள்ல கைதான் போட்டுக்குவோம்.”

விலகி நின்றபோதுதான் என்னைச் சரியாகப் பார்த்தாள். பச்சைப் புடவைக்குக் கடுகு நிறத்தில் ஒரு பழைய ஜாக்கெட் போட்டிருந்தேன். தன் முக்கால் கையைத் தடவிப் பார்த்தாள். உள்ளே இணைப்புத் தையல் இருந்த இடத்தில் விரல் நின்றது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மண்டபம்

திண்டிவனம் போய்ச் சேருகிற வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மண்டபத்து வாசலில் ஒரே பச்சை. அதிலிருந்து ஒரு பச்சை பிரிந்து, “ஏய், ஸ்டெல்லா!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தது. வசந்தா.

ஸ்டெல்லாவின் கை என் கையை நசுக்கியது. பிறகு விட்டது. இரண்டு எட்டு அவளே முன்னால் போனாள். வசந்தா வந்து மோதி, இறுக்கி, ஆட்டி, மறுபடி இறுக்கினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். நான் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை.

அதற்குப் பிறகு வசந்தா என்னைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“ஊருக்கெல்லாம் தச்சவளே, உனக்கு இன்னாடி கேடு? இது இன்னா கலரு? போட்டோவே கெட்டுப் போச்சு போ!”

“துணி பத்தலடி” என்றேன்.

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துக் கேலி பேசினார்கள். நாள் முழுக்க அதே பேச்சுதான். ஸ்டெல்லாவின் ஜாக்கெட்டை ஒருத்தியும் உற்றுப் பார்க்கவில்லை. இதையெல்லாம் திட்டம் போட்டுச் செய்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். துணி பற்றவில்லை என்பதுதான் நிஜம். ஆனால் அப்படி அமைந்துபோனதில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்டெல்லா அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வசந்தா எங்கிருந்தோ ஒரு ரப்பர் வளையம் வாங்கி வைத்திருந்தாள். ஸ்டெல்லாவிடம் எறிந்தாள். ஸ்டெல்லா அதை வலது கையால் பிடித்து, வலது கையாலேயே திருப்பி எறிந்தாள்.

“இன்னாடி, கைய மாத்திட்ட?”

“வயசாச்சு இல்ல” என்றாள் ஸ்டெல்லா. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அவள் சொன்னதால்

போன வாரம் ஸ்டெல்லாவுக்குப் போன் பண்ணி, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்பாள், வேறு எதையாவது எழுதிக்கொள்ளலாம் என்றுதான் கேட்டேன். குரூப்பில் எல்லோரும் படிப்பார்களே என்றும் சொன்னேன்.

“படிக்கட்டும். குரூப்புல போட்டுடலாம்னு எத்தினியோ தடவ டைப் பண்ணி அழிச்சிட்டேன். வாயால சொல்ல வரலடி எனக்கு. நீ எழுதிடு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “குண்டாயிட்டேன்னு மட்டும் எழுதாத” என்றாள்.

எழுதவில்லை.

வசந்தா, நீ இந்த வாரமும் பெட்டிக்கடையில் பத்திரிகையின் முதல் பிரதியை வாங்கிவிடுவாய். படித்து முடித்த கையோடு அவளுக்குப் போன் பண்ணாதே. நீ அழுவாய், அவள் உட்கார்ந்து உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாயே அந்த போட்டோ, அதில் பின்வரிசையில் நான் மட்டும் ஏன் கடுகு நிறத்தில் நிற்கிறேன் என்று இன்றைக்கு வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். என் பச்சை முன்வரிசையில் அவள் கைகளில் இருக்கிறது, பார்த்துக்கொள்.

அடுத்த வருஷமும் கூட வேண்டும் என்கிறாய். கூடலாம். அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள். நீ ஓடி வந்து கட்டிப் பிடிப்பாய், அது உன் குணம், அதை மாற்றிக்கொள்ள வேண்டாம். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பிடி.